நஞ்சைப் படிகமாக்கும் ஈஸ்ட்

ஓவியர்கள் நூற்றாண்டுக்கும் மேலாகப் பயன்படுத்திவரும் பளீரென்ற மஞ்சள் வண்ணங்களில் ஒன்று காட்மியம் சல்ஃபைடு என்ற சேர்மம். காட்மியமும் கந்தகமும் கூடிப் பிறப்பது. உயிருள்ள ஒரு செல் இதே பொருளைத் தனக்குள்ளேயே படிகமாக வார்த்துக்கொள்கிறது என்ற செய்தி 1989-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. ரொட்டியையும் பீரையும் நுரைக்க வைக்கும் ஈஸ்ட் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் அந்தச் செல்.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் விங்கேயின் குழுவும், பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய லூயிஸ் புரூஸ் உள்ளிட்டோரும் சேர்ந்து செய்த ஆய்வு அது. காண்டிடா கிளாப்ரேட்டா, ஸைசோசாக்கரோமைசிஸ் பாம்பே என்ற இரண்டு ஈஸ்ட் இனங்களைக் காட்மியம் உப்பு கலந்த கரைசலில் வளர்த்தார்கள். செல்களை உடைத்துப் பார்த்தபோது உள்ளே சுமார் 2 நானோமீட்டர் அளவேயுள்ள காட்மியம் சல்ஃபைடு படிகங்கள் கிடைத்தன. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். ஈஸ்ட் செல்லேகூடச் சில ஆயிரம் நானோமீட்டர் அகலம் கொண்டது. ஒவ்வொரு படிகத்தின் மேலும் குட்டிப் புரதத் துணுக்குகள் உறையாகப் போர்த்தியிருந்தன.

இவ்வளவு சிறிய படிகங்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. பொருள் மாறாவிட்டாலும், அளவு குறையக் குறைய அவை உறிஞ்சும் ஒளியும் உமிழும் ஒளியும் நீல நிறத்தின் பக்கம் நகர்கின்றன. இவற்றைக் குவாண்டம் புள்ளிகள் என்கிறார்கள். இவற்றைக் கண்டறிந்து உருவாக்கியதற்காகத்தான் 2023-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை மௌங்கி பவெண்டி, அலெக்ஸி எகிமோவ் ஆகியோருடன் புரூஸும் பெற்றார்.

ஈஸ்ட் எதற்காக இப்படிப்பட்ட படிகங்களைச் செய்ய வேண்டும்? உயிர் பிழைக்க.

காட்மியம் கொடிய நஞ்சு. புரதங்களில் உள்ள கந்தகத்தின் மேல் அதற்கு அடங்காத ஈர்ப்பு. செல்லுக்குள் நுழைந்தால் நொதிகளைப் பற்றிக்கொள்ளும், துத்தநாகம் இருக்க வேண்டிய இடத்தில் தான் போய் உட்காரும், செல்லின் அன்றாட வேலைகளை முடக்கும். பாம்பே ஈஸ்ட்டிடம் இதற்கு ஓர் அருமையான மாற்று இருக்கிறது. செல்லில் எப்போதும் புழங்கும் குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறுகளை எடுத்து, பாசிமணி கோப்பதுபோல் கோத்து, கந்தகம் நிறைந்த ஒரு சரத்தைத் தயாரிக்கிறது. ஃபைட்டோகீலேட்டின் எனப்படும் இந்தச் சரத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1980-களின் தொடக்கத்தில் இந்த ஈஸ்ட்டில்தான் முதலில் கண்டார்கள். செடிகளிலும் அது இருப்பது பிறகே தெரிந்தது. சரம் காட்மியத்தை வளைத்துப் பிடிக்கிறது. செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற நுண்குமிழிக்குள் அதைத் தள்ளிவிடத் தனியாக ஒரு கடத்திப் புரதம் உண்டு. அங்கே சல்ஃபைடும் வந்து சேர, காட்மியம் படிகத்துக்குள் சிறைப்படுகிறது. நாம் நானோ துகள் என்று வியப்பது, செல்லின் கணக்கில் பூட்டிவைக்கப்பட்ட நஞ்சு.

இது புரிந்தால், செல்லின் வளர்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டு நானோ துகள் உற்பத்தியைப் பேச முடியாது என்பதும் புரியும்.

ஈஸ்ட்டைப் புதிய ஊட்டக் கரைசலில் விட்டால், முதலில் சிறிது நேரம் அது பெருகாமல் இடத்துக்குப் பழகுகிறது. பிறகு ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி வேகமாகப் பெருகுகிறது. நல்ல ஊட்டமும் 30 டிகிரி வெப்பமும் கிடைத்தால் ரொட்டி ஈஸ்ட் சுமார் 90 நிமிடங்களில் இரட்டிப்பாகும். ஊட்டம் தீர்ந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். லண்டன் ஆய்வாளர்கள் 1996-இல் பாம்பே ஈஸ்ட்டுக்கு இந்தக் கட்டங்களில் வெவ்வேறு நேரத்தில் காட்மியத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பெருக்கம் தொடங்கிய உடனேயே கொடுத்தால் செல்லின் வளர்சிதை மாற்றம் தடுமாறியது, உள்ளே போன காட்மியமும் வெளியே வந்துவிட்டது. வளர்ச்சி நின்ற பிறகு கொடுத்தால் படிகமே உருவாகவில்லை. பெருக்கத்தின் நடுக்கட்டத்தில் கொடுத்தபோதுதான் விளைச்சல் உச்சத்தைத் தொட்டது. சரம் கோக்கக் குளூட்டாதயோன் வேண்டும், கந்தகம் வேண்டும், ஆற்றலும் வேண்டும். இவை அனைத்தும் கைவசம் இருப்பது நடுக்கட்டத்துச் செல்லிடம்தான் என்று எண்ண இடமிருக்கிறது.

புணேயின் அகர்கர் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் இந்த அறிவை அடுத்த படிக்குக் கொண்டுபோனார்கள். நடுக்கட்டத்துப் பாம்பே ஈஸ்ட்டிலிருந்து எடுத்த காட்மியம் சல்ஃபைடு துகள்களை வைத்து ஒரு டையோடையே செய்து, அதை 2002-இல் வெளியிட்டார்கள். மறு ஆண்டு, வெள்ளியைத் தாங்கும் ஓர் ஈஸ்ட் வகையைக் கொண்டு 2 முதல் 5 நானோமீட்டர் அளவுள்ள வெள்ளித் துகள்களைச் செல்லுக்கு வெளியிலேயே உருவாக்கிக் காட்டினார்கள். வெளியே உருவாவதில் பெரிய அனுகூலம் உண்டு. துகளை எடுக்கச் செல்லை உடைக்க வேண்டியதில்லை, உறைய வைத்து உருகவிட்டே பிரித்துவிடலாம்.

எல்லா ஈஸ்ட்டுக்கும் ஒரே கால அட்டவணை பொருந்தாது. 2009-இல் சீனாவின் வூஹான் ஆய்வாளர்கள் ரொட்டி ஈஸ்ட்டில் காட்மியம் செலினைடு புள்ளிகளை உருவாக்கினார்கள். வளர்ச்சி நின்ற கட்டத்தில் இருந்த செல்களுக்கு முதலில் செலினியம் உப்பைக் கொடுத்தார்கள். பின்னர் அவற்றைப் புதிய ஊட்டக் கரைசலுக்கு மாற்றிக் காட்மியத்தைக் கொடுத்தார்கள். காட்மியத்தோடு எவ்வளவு நேரம் விட்டார்களோ அதற்கேற்ப, செல்கள் பச்சையிலிருந்து மஞ்சள், சிவப்பு என நிறம் மாறி ஒளிர்ந்தன.

வளர்ச்சியை எப்படி அளக்கிறார்கள் என்பதும் கவனத்துக்குரியது. ஈஸ்ட் கரைசல் எவ்வளவு கலங்கலாக இருக்கிறது என்பதை 600 நானோமீட்டர் அலைநீள ஒளியைச் செலுத்திப் பார்ப்பது வழக்கம். எளிய முறைதான், ஆனால் செத்த செல்லும் ஒளியைச் சிதறடிக்கும், நானோ துகளும் ஒளியோடு விளையாடும். எனவே கரைசலை நீர்த்துத் தட்டில் பரப்பி, முளைக்கும் கூட்டங்களை எண்ணிப் பார்க்காத ஆய்வின் முடிவுகளை அவசரப்பட்டு நம்பிவிடக் கூடாது.

வெளியிலிருந்து வரும் நானோ துகள்கள் ஈஸ்ட்டை என்ன செய்யும்? எஸ்டோனியாவின் தாலின் நகர ஆய்வாளர்கள் 2009-இல் தந்த விடை தெளிவானது. டைட்டானியம் டையாக்சைடு நானோ துகளை லிட்டருக்கு 20 கிராம்வரை கொட்டியும் ரொட்டி ஈஸ்ட்டின் வளர்ச்சிக்குப் பாதிப்பில்லை. துத்தநாக ஆக்சைடு பாதித்தது, ஆனால் அதன் நானோ வடிவத்துக்கும் சாதாரணத் தூளுக்கும் பெரிய வேறுபாடில்லை. தாமிர ஆக்சைடின் நானோ வடிவமோ சாதாரணத் தூளைவிட ஏறத்தாழ 60 மடங்கு நச்சுத்தன்மையைக் காட்டியது. கரைந்து வெளியேறும் தாமிர அயனிகள் இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே ‘நானோ’ என்ற அடைமொழியை மட்டும் பார்த்து அஞ்சவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். எந்த உலோகம், எவ்வளவு கரைகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஈஸ்ட் வழித் தயாரிப்புக்குப் ‘பசுமை’ முத்திரை குத்துவதிலும் இதே நிதானம் தேவை. கடும் வெப்பமும் நச்சுக் கரைப்பான்களும் தவிர்க்கப்படுவது உண்மை. ஆனால் ஈஸ்ட் செய்தாலும் காட்மியம் காட்மியம்தான். ஜப்பானின் ஜின்சூ ஆற்றங்கரை மக்களின் எலும்புகளை நொறுக்கிய இத்தாய் இத்தாய் நோய்க்குக் காரணம், சுரங்கக் கழிவோடு வந்த இதே உலோகம். அதை மாசினால் வந்த நோய் என்று ஜப்பானிய அரசு ஏற்றது 1968-இல். செல் உறிஞ்சாமல் விட்ட காட்மியம் ஊட்டக் கரைசலிலேயே தங்கும், அதைச் சாக்கடையில் ஊற்ற முடியாது. வெள்ளி, தங்கம், செலினியம் ஆகியவற்றின் பக்கம் இந்த ஆய்வுகள் திரும்புவது நல்ல திசை.

இன்னும் தீராத சிக்கல் துகளின் அளவு. வேதியியல் கூடத்தில் ஒரே அளவில் வார்க்க முடிகிறது, உயிருள்ள செல்களோ ஒன்றுபோல் ஒன்று நடந்துகொள்வதில்லை. இங்கேயும் புணேயிலிருந்து ஒரு வழி தென்பட்டது. மும்பையை ஒட்டிய எண்ணெய் மாசு படிந்த கடல்நீரிலிருந்து பிரித்தெடுத்த யாரோவியா லிப்போலிட்டிகா என்ற ஈஸ்ட்டைத் தங்க உப்போடு வெவ்வேறு விகிதங்களில் கலந்து பார்த்து, 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். செல்கள் குறைவாகவும் உப்பு மிகுதியாகவும் இருந்தபோது பெரிய முக்கோண, அறுகோணத் தகடுகள் வந்தன. செல்களின் எண்ணிக்கையைக் கூட்டியபோது துகள்கள் சிறுத்து, 15 நானோமீட்டர் அளவுக்கு இறங்கின.