பாடத்துக்குப் பயமில்லை, சிக்னலுக்குத்தான்!

2020-ல் கொரோனாவால் கல்லூரிகள் மூடிக் கிடந்தபோது, "பிள்ளைகளுக்கு பஸ் அலைச்சல் மிச்சம், வீட்டுச் சாப்பாடு" என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரு திருப்தி. ஆனால் அந்தப் படிப்போடு ஒரு புதுத் தினுசு பயமும் வீட்டுக்குள் வந்தது, சகோதரிகளே!

என் மகள் அப்போது பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு. பரீட்சைக்கு முதல் நாள் கவலையில்லாமல் தூங்குகிறவள், ஆன்லைன் பரீட்சை என்றதும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஃபோனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பாள். "என்னடி, எல்லாம் படிச்சாச்சே?" என்றால், "பாடத்துக்குப் பயமில்லேம்மா, சிக்னலுக்குத்தான்!" என்பாள்.

தாளில் விடை எழுதி, ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து, ஒன்றாகச் சேர்த்து, குறித்த நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். ஒரு நாள் அனுப்பும்போது பாதியில் நின்றுவிட்டது. அவள் அப்பாவின் ஃபோனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்து, மூன்று நிமிஷம் பாக்கியிருக்கையில்தான் போய்ச் சேர்ந்தது. அடுத்த பரீட்சையில் நன்றாகத் தெரிந்த கணக்கையே தப்பாகப் போட்டாள்.

அதற்குக் காரணம் உண்டு. நாம் யோசிக்கும்போது மனசு ஒரு சமயத்தில் கொஞ்சம் விஷயங்களைத்தான் தாங்கும். குட்டி அடுப்படி மேடை மாதிரி! பாதி இடத்தைக் கவலை பிடித்துக்கொண்டால் கணக்கை எங்கே வைப்பது?

"கவலைப்படாதே" என்று சொல்லிப் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய கேள்வித்தாளைக் கொடுத்து, கடிகாரம் வைத்து எழுதச் சொல்லி, விடைத்தாளை அப்பாவுக்கு அனுப்பச் சொன்னேன். மூன்று வாரம் இப்படி. கை பழகிய பிறகு ராத்திரி எழுந்திருப்பது நின்றது. பரீட்சை நேரத்தில் எங்கள் வீட்டில் குக்கர், மிக்ஸி இரண்டுக்கும் லீவு. (பக்கத்து வீட்டு மிக்ஸியை என்ன செய்ய?)

2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை தினம் 2 ஜி.பி. டேட்டா இலவசம் என்று தமிழக அரசு சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அறிவித்தது. நல்ல உதவிதான். ஆனால் எங்கள் தெருவில் சிக்னல் கிடைப்பது மொட்டை மாடியில்!

இப்போது பரீட்சைகள் மறுபடி கல்லூரிக்கே போய்விட்டாலும் ஆன்லைன் வகுப்புகள் நிற்கவில்லை. வகுப்பு முடிந்ததும் பிள்ளை துவண்டு போகிறதா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்ஸன் 2021-ல் எழுதிய கட்டுரையில், திரையில் ஓயாமல் தன் முகத்தையே பார்ப்பதும், அசையாமல் உட்கார்ந்திருப்பதும் இந்தக் களைப்புக்குக் காரணமாகலாம் என்கிறார். ஜூம் வகுப்பானால், கம்ப்யூட்டரில் தன் படத்தின் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தித் தன் முகம் தனக்குத் தெரியாமல் மறைத்துக்கொள்ளலாம். ஆசிரியருக்கும் மற்றவர்களுக்கும் எப்போதும் போலத் தெரியும்.