பாட்டி கிண்டச் சொன்ன கிரிட்ஸ்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் முதல் பருவத் தேர்வில் ஒரு பாடத்தில் நான் தேறவில்லை. வீட்டில் சொல்லத் துணிவில்லை. வார இறுதியில் அறைத்தோழி தன் பாட்டி வீட்டுக்கு அழைத்துப்போனாள்.

அங்கேதான் முதன்முதலாகக் கிரிட்ஸ் கிண்டினேன். உலர்ந்த மக்காச்சோளத்தை ரவைபோல் உடைத்தது. ஒரு கிண்ணத்துக்கு நான்கு கிண்ணம் தண்ணீர். கொதித்ததும் மொத்தமாகக் கொட்டினேன், கட்டி தட்டிவிட்டது. பாட்டி ஒன்றும் சொல்லாமல் மறுபடி தண்ணீர் வைத்தார். "கொஞ்சங்கொஞ்சமாகத் தூவு, கிண்டிக்கொண்டே இரு." கல்லில் அரைத்ததல்லவா, முக்கால் மணி நேரம் பிடித்தது.

வெண்ணெயும் சீஸும் உருகும்போது நான் சீனி கேட்டேன். மேசையே அமைதியானது! உப்பா சீனியா என்பது அங்கே தீராத வழக்காம். பூர்வகுடியினரிடமிருந்து வந்த இந்த உணவுக்கு 2002இல் ஜார்ஜியா அதிகாரபூர்வத் தகுதியே தந்திருக்கிறது.

இரண்டாவது கிண்ணம் காலியானதும் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.