கூகிளில் எங்கள் நீத்துப்பெட்டி

சென்ற வருடம் எங்கள் மாதர் சங்கத்துக்கு ஒரு தம்பி வந்தார். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, "அக்கா, முப்பத்தையாயிரம் ரூபா தாங்கோ, ஒரு மாதத்திலை உங்கடை வெப்சைட்டைக் கூகிளிலை முதலாவதாக் கொண்டுவந்து விடுறன்" என்றார். பனையோலைப் பெட்டி விற்றுச் சேர்த்த காசில் இருந்து எடுத்துக் கொடுத்தோம். சங்கத்தின் கணக்குப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. ஆகவே கொடுத்த கையும் என்னுடையதுதான்.

மூன்று மாதம் கழிந்தும் ஒரு ஓடர் கூட வரவில்லை. தம்பியின் தொலைபேசியும் வேலை செய்யவில்லை. பன்னிரண்டு பெண்களின் உழைப்புக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அடிக்கடி சொன்ன "எஸ்.ஈ.ஓ." என்றால் என்னவென்று அதன் பிறகுதான் மகளின் உதவியோடு படித்தேன். முதலே படித்திருந்தால் காசு மிஞ்சியிருக்கும்.

எஸ்.ஈ.ஓ. என்பது, தேடுபொறி எங்கள் பக்கத்தை எளிதில் கண்டுபிடித்து விளங்கிக்கொள்ளும்படி அதைச் சீராக்கி வைப்பதாகும். கூகிள் போன்ற தேடுபொறி மூன்று வேலை செய்கிறது. சிலந்தி என்று அழைக்கப்படும் ஒரு கணினி நிரல், ஓர் இணைப்பிலிருந்து இன்னோர் இணைப்புக்குத் தாவி இணையப் பக்கங்களை வாசித்துக்கொண்டே போகிறது. வாசித்ததை நூல்நிலையத்து அட்டைப் பெட்டியைப் போல ஒரு பெரிய சுட்டியில் பதிந்து வைக்கிறது. யாராவது ஒரு சொல்லைத் தேடினால், அந்தச் சுட்டியில் இருந்து பொருத்தமானவற்றை எடுத்து வரிசைப்படுத்துகிறது. நாங்கள் தேடும் நேரத்தில் அது உலகம் முழுவதும் ஓடித் தேடுவதில்லை. முன்பே எழுதி வைத்த சுட்டியைத்தான் புரட்டுகிறது. எங்கள் பக்கம் சுட்டியில் ஏறவே இல்லையென்றால் எந்த வரிசையிலும் வராது.

வரிசையை எப்படித் தீர்மானிக்கிறது? அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் படித்த லாரி பேஜ், சேர்ஜி பிரின் என்ற இருவர் 1998 இல் கூகிள் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஒரு பக்கத்துக்கு வேறு எத்தனை பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றன, கொடுப்பவை எப்படிப்பட்டவை என்று பார்ப்பதே அவர்களுடைய முறை. ஊரில் நல்ல தையற்காரி யார் என்று கேட்டால் நாலு பேர் ஒரே வீட்டைக் காட்டுவார்கள் அல்லவா? காட்டுபவர் கல்யாண வீடுகளுக்குத் தைப்பித்தவர் என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கூட. இன்று இணைப்போடு வேறு பல விடயங்களையும் பார்க்கிறார்கள்.

தம்பி செய்த வேலை இப்போதுதான் விளங்குகிறது. பக்கத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் "பெட்டி, பெட்டி, பெட்டி" என்று நூறு தடவைக்கு மேல் எழுதி வைத்திருந்தார். எங்கேயோ இருக்கும் சூதாட்டப் பக்கங்களில் இருந்து எங்களுக்கு இணைப்பு வாங்கியிருந்தார். இப்படிச் சொல்லைத் திணிப்பதும் இணைப்பை விலைக்கு வாங்குவதும் ஒரு காலத்தில் பலித்தன. 2012 இல் பென்குவின் என்று பெயரிட்ட மாற்றத்தைக் கூகிள் கொண்டுவந்த பிறகு, அவையே பக்கத்தைக் கீழே தள்ளக்கூடியவை ஆயின. முதலாம் இடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகிளே சொல்கிறது. காசு கொடுத்து மேலே வரலாம், ஆனால் அது விளம்பரம். விளம்பரம் என்ற குறிப்போடுதான் வரும், காசு நின்றதும் அதுவும் நின்றுவிடும்.

இனி முக்கியமான விடயம், திறவுச்சொல். வாங்க வருபவர் தேடும் பெட்டியில் தட்டும் சொல் அது. எங்கள் பக்கத்தில் "கைவினைப் பொருட்கள்" என்று அழகாக எழுதியிருந்தோம். அந்தச் சொல்லுக்குள் உலகத்துக் கைவினை எல்லாம் அடங்கும். கனடாவிலோ லண்டனிலோ இருந்துகொண்டு பிட்டு அவிக்க ஆசைப்படும் எங்கடை ஆட்கள் "கைவினைப் பொருள்" என்று தேடுவார்களா? "நீத்துப்பெட்டி" என்றுதான் தேடுவார்கள். சிலர் அதையே ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். பனைக்கான ஆங்கிலச் சொல்லை இலங்கையில் கடைசியில் எச் எழுத்துச் சேர்த்து எழுதுவது வழக்கம், வெளியில் பலர் அதைச் சேர்ப்பதில்லை. இரண்டையும் பொருத்தமான இடத்தில் ஒரு தடவை எழுதினோம். கடகம், சுளகு, திருகணை என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பக்கம் வைத்தோம். நீளமும் அகலமும் எவ்வளவு, எத்தனை நாளில் அனுப்பலாம், ஈரம் பட்டால் என்ன செய்வது என்றெல்லாம் பெட்டி இழைப்பவர்களையே கேட்டு எழுதினோம். தேடுபொறிக்கு வேண்டியதும் அதுதான், வாங்குபவருக்கு வேண்டியதும் அதுதான்.

எங்கள் முதற்பக்கத்தின் தலைப்பு வெறுமனே "முகப்பு" என்று இருந்தது. தேடல் முடிவில் பெரிய எழுத்தில் தெரிவது பெரும்பாலும் இந்தத் தலைப்புத்தான். பெயர்ப்பலகையில் "கடை" என்று மட்டும் எழுதி வைத்தது போல! படங்களுக்கும் ஒவ்வொரு வரி விளக்கம் எழுதினோம். பார்வையற்றவர்களின் கணினி அந்த வரியை வாசித்துக் காட்டும், தேடுபொறியும் அதைக்கொண்டு படத்தைப் புரிந்துகொள்ளும். படங்களின் அளவையும் சிறிதாக்கினோம், கைத்தொலைபேசியில் பக்கம் திறக்கச் சுணங்கினால் ஆட்கள் நிற்க மாட்டார்கள். எந்தச் சொற்களால் எங்களைத் தேடி வருகிறார்கள் என்று அறிய கூகிள் சேர்ச் கொன்சோல் என்ற வசதி இருக்கிறது. அதற்குக் காசு இல்லை.

2024 இலிருந்து பல தேடல்களுக்குக் கூகிள் தானே ஒரு சுருக்க விடையை எழுதி மேலே வைக்கிறது. வாசித்துவிட்டு எங்கள் பக்கத்துக்கு வராமலே சிலர் போகலாம். ஆனால் நீத்துப்பெட்டியை விடையாக எழுதிக் கொடுக்க முடியாதே.

ஒரு விடயத்தில் மட்டும் சங்கத்தில் பெரிய வாக்குவாதம் வந்தது. "போர் விதவைகள் செய்த பெட்டி என்று போடுங்கோ, அந்தச் சொல்லைத்தான் வெளிநாட்டில் தேடுவினம்" என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம். எங்களில் மூத்த அக்கா ஒருவர் இழைத்துக்கொண்டிருந்த ஓலையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "என்ரை மனுசன் செத்ததைப் பார்க்க வாறவை வேண்டாம் பிள்ளை. பெட்டி பார்க்க வாறவை வரட்டும்." எனக்குக் கணக்குப் புத்தகம் ஞாபகம் வந்தது, அதனால் சற்றுத் தயங்கினேன். ஆனால் சுட்டியில் ஏறி, பிறர் பிரதி எடுத்த பக்கத்தைப் பிறகு முழுமையாக அழிப்பது கடினம். அக்காவின் பேரப்பிள்ளைகள் நாளைக்கு அவருடைய பெயரைத் தேடினால் அதுவே முதலில் வரலாம். சொல்லைப் போடவில்லை.

இன்னொன்று. கூகிள் வரைபடத்தில் தொழிலைப் பதியும்போது வீட்டு முகவரியை மறைத்து, பொருள் விநியோகிக்கும் பிரதேசத்தை மட்டும் காட்ட முடியும். தனித்திருக்கும் பெண்கள் அப்படியே செய்யுங்கள். தொலைபேசிக்கும் சங்கத்துக்கென்று வேறு இலக்கம் எடுத்துக்கொண்டோம், இரவு எட்டு மணிக்குப் பிறகு அதை நிறுத்தி விடுவோம்.

மாற்றங்கள் தேடுபொறிக்குத் தெரிய வாரங்களும் ஆகும், மாதங்களும் ஆகும். எங்களுக்கு ஐந்தாம் மாதம் ரொறன்ரோவில் இருந்து ஓர் அம்மா எடுத்தார். "நீத்துப்பெட்டி எண்டு தட்டினன், நீங்கள் வந்தியள். ஆறு வேணும் பிள்ளை, மூடியும் இருக்கோ?" என்று கேட்டார். மூடியை நாங்கள் பக்கத்தில் எழுதவே இல்லை. அன்று பின்னேரமே மகள் எழுதிச் சேர்த்தாள்.