தரைக்கடியில் தங்கும் நீர்

கூரை ஒழுகினால் வீட்டார் அனைவரும் உடனே எழுந்து பாத்திரம் வைப்பர். மறுநாளே தகரத்தையோ ஓட்டையோ மாற்ற முயல்வர். தரை வழியாக மேலேறும் நீரையோ எவரும் எளிதிற் கவனிப்பதில்லை. அது சொட்டுவதில்லை; ஓசை செய்வதுமில்லை. சுவரின் அடியில் முழ உயரத்துக்குக் கறை படிகிறது, பூச்சு உதிர்கிறது, பெட்டியிலுள்ள துணியிற் பூஞ்சணம் படர்கிறது, பாயிற் படுத்த குழந்தை இரவெல்லாம் இருமுகிறது. ஐப்பசி தொடங்கித் தை வரை மழை பொழியும் மாத்தளை மாவட்டத்தில், றத்தோட்டை, எல்கடுவை முதலிய மலைச்சரிவுகளில் வாழ்வோர்க்கு இத்துன்பம் புதியதன்று.

நீர் கீழிருந்து மேலேறுமோ என்று மாணவர் வினவலாம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போலவே, கல்லிலும் சாந்திலும் உள்ள நுண்துளைகள் வழியே நிலத்து நீர் ஏறுகிறது. மண்ணிலுள்ள உப்பும் அதனுடன் ஏறி, ஈரம் உலர்ந்தபின் வெண்மையாகப் பூத்துச் சுவர்ப்பூச்சைத் தள்ளிவிடுகிறது. ஈரலிப்பும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோர்க்கு மூச்சுக்குழல் நோய்களும் ஆஸ்துமாவின் தொல்லையும் மிகுதியென உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் கூறுகிறது. ஆகவே இது சுவரின் அழகு பற்றிய செய்தி மாத்திரமன்று. குழந்தையின் மூச்சைப் பற்றியதுமாகும்.

இப்பகையை வெல்லும் வழியை இம்மாவட்டத்தின் பழைய கட்டடங்களே நமக்குக் காட்டுகின்றன. தம்புள்ளைக் குகைகளின் வாயிலுக்கு மேலே பாறையில் நீண்டதொரு விளிம்பு வெட்டப்பட்டுள்ளது. பாறையைத் தழுவி வழியும் மழைநீர் அவ்விளிம்பை அடைந்ததும், உள்ளே புகாது வெளியே சொட்டி விழுகிறது. நீரை வந்தபின் துடைப்பதைவிட, வருமுன் விலக்குவதே மேல் என்பதே அதன் பாடம்.

மற்றொரு பாடத்தைச் சிங்களக் கிராமங்களில் ‘அட்டுவ’ என்று வழங்கும் நெற்களஞ்சியம் கற்பிக்கிறது. அது தரையில் அமர்வதில்லை. கற்களின் மேலோ மரக்கால்களின் மேலோ உயர்ந்து நிற்கும். கீழே காற்று தடையின்றிச் செல்வதால் நெல் உலர்ந்தே இருக்கும். கறையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் தரைக்கடியில் வெற்றிடம் விட்டால் மட்டும் போதாது. அமெரிக்காவில் பல வீடுகளின் கீழ், ஒருவர் தவழ்ந்து செல்லுமளவு இடைவெளி உண்டு. அதன் ஓரங்களில் சிறு துவாரங்கள் வைத்தால் ஈரம் நீங்கிவிடுமென அங்கே நெடுங்காலம் நம்பினர். கோடைக்காலத்து ஈரக்காற்று அத்துவாரங்கள் வழியே புகுந்து, குளிர்ந்த மரங்களிற் பட்டு நீர்த்துளியாகப் படிவது பின்னர் தெரியவந்தது. வெறும் மண்ணைத் தடித்த பொலித்தீன் விரிப்பால் மூடுவதே முதன்மையான பரிகாரமென இப்போது கொள்கின்றனர். நான்கு புறமும் திறந்த அட்டுவவின் அடியும், அரைகுறையாக அடைபட்ட குழியும் ஒன்றல்ல.

இனி நமது வீடுகளுக்கு வருவோம். தோட்டங்களில் இன்றும் பல குடும்பங்கள் பழைய லயன் காம்பராக்களில் வாழ்கின்றன. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயங்களிற் பின்புற யன்னலுக்கு இடமேயில்லை. காற்று ஒரு புறத்தால் வந்து மறுபுறத்தாற் போக வழியில்லை. இக்குறையை ஒரு குடும்பம் தனியே தீர்த்தல் இயலாது. நல்ல வீடே அதற்கு விடை. எனினும், அதுவரை செய்யத்தக்கவையும் உள.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அறிதல் வேண்டும். 18 அங்குலச் சதுரமான பொலித்தீன் துண்டொன்றைச் சீமெந்துத் தரையிற் பரப்பி, ஓரங்களை ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடிப்புறத்தில் நீர் அரும்பினால் அது நிலத்திலிருந்து ஏறியது. மேற்புறத்தில் அரும்பினால் காற்றிலுள்ள ஈரம். மாணவர் தாமே செய்து பார்க்கத்தக்க சோதனை இது.

காற்றிலுள்ள ஈரமாயின், துணியை அறைக்குள் உலர்த்தாது, அடுப்பின் ஆவிக்கு வெளியேற வழி செய்க. நிலத்து ஈரமாயின், வீட்டின் மேட்டுப்புறத்தில் ஒரு கான் தேவை. தேயிலைச் செடிகளுக்கிடையே கான் வெட்டி நீரை வழிநடத்தும் கைகளுக்கு இது கற்றுத்தர வேண்டிய தொழிலன்று. கானின் அடி, வீட்டுத் தரையினும் தாழ்ந்திருத்தல் நன்று. சுவரை ஒட்டிய நிலம் வெளிப்புறமாக 10 அடிக்கு 6 அங்குலமேனும் சரிந்திருக்க வேண்டும். கூரைநீரைப் பீலி வைத்துத் தொலைவிற் சேர்த்தால் பாதித் தொல்லை குறையும்.

ஒன்றை மறவாதீர். மண்மேட்டின் அடியை ஆழமாக வெட்டிக் கான் அமைத்தல் ஆபத்து. மாத்தளை மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களுள் ஒன்று. மேட்டிற் புதிய வெடிப்போ, திடீரெனக் கலங்கிய நீரோ தோன்றினால் வீட்டைவிட்டு விலகி, கிராம அலுவலருக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

ஈரச் சுவரின்மேல் சீமெந்து பூசி மறைப்பதும் தவறு. வெளியேற வழியின்றி ஈரம் இன்னும் உயர ஏறும். புதிதாக வீடு கட்டுவோர் தரைச் சீமெந்தின் அடியிற் பொலித்தீன் விரித்து, அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையே தார் பூசிய தடுப்புப் படை ஒன்றும் இடுவாராயின், பிற்காலத் தொல்லை பெரிதும் நீங்கும். அச்செலவு அப்போது சிறிது. வீடு எழுந்தபின் செய்யப் புகுந்தாற் பெரிது.

மேல்வீட்டுக் கான் அடைபட்டால் நீர் கீழ்வீட்டுத் தரைக்கே வரும். ஆதலின் இது ஒருவர் வேலையன்று. புரட்டாதி முடியுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரிசையிலுள்ள குடும்பங்கள் எல்லாம் மண்வெட்டியுடன் கூடிக் கான்களைத் துப்புரவு செய்தால், அவ்வாண்டு மழைக்காலத்திற் குழந்தைகள் உலர்ந்த தரையில் உறங்குவர்.