மெஷினில் ஒட்டும் எண்ணும் தொழிலாளியின் சம்பளமும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் மெஷின்கள் நின்ற இடத்திலேயே நிற்பதில்லை. ஆர்டர் குவிந்தால் ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் போகும், பழுதானால் மெக்கானிக்கிடம் போகும். ஒரே மாடலில் வரிசையாக நிற்கும் மெஷின்களில் எது போனது, எது திரும்பியது என்று நினைவை நம்பிச் சொல்ல முடியாது. ஒன்று குறைந்தால் சந்தேகம் முதலில் ஸ்டோர் கீப்பர் மீதுதான் விழுகிறது. மெஷினில் ஒட்டும் சொத்து எண் லேபிளை முதலாளியின் காவல் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வேலை செய்பவரின் சம்பளத்துக்கும் அது காவல் என்பதே என் வாதம்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்திலிருந்த விதியை, 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் தொடர்கிறது. பொருள் தொலைந்ததற்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், அந்தப் பொருள் அவர் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். இழப்பு நேரடியாக அவரது கவனக்குறைவால் நேர்ந்திருக்க வேண்டும். விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தராமல் பிடிக்கக் கூடாது. பிடிக்கும் தொகை இழப்பின் மதிப்பைத் தாண்டவும் கூடாது. எண்ணே இல்லாத மெஷினை இன்னாரிடம் ஒப்படைத்தோம் என்று எந்த நிர்வாகம் நிரூபிக்கும்? எண்ணைக் குறித்துக் கையெழுத்து வாங்கிய ரிஜிஸ்டர் இருந்தால் இரு தரப்புக்கும் வழி இருக்கிறது. முறையின்றிப் பிடித்தம் செய்தால் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம்.

லேபிளை விலை பார்த்து வாங்குவதில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது. அது எந்த இடத்தில் வாழப்போகிறது என்பதே முதல் கேள்வி. பில் போடும் மெஷினில் அச்சாகும் வெப்பத்தாள் ஸ்டிக்கர், அயர்னிங் டேபிள் அருகே சில மாதங்களில் கறுத்தோ வெளிறியோ போய்விடும். அலுவலகக் கம்ப்யூட்டருக்கு, ரெசின் ரிப்பனில் அச்சிட்ட பாலியெஸ்டர் லேபிள் போதும். எண்ணெயும் பஞ்சுத் தூசும் படியும் தையல் மெஷினுக்கும், நீராவி சூழ்ந்த சாயப்பட்டறைக்கும் எண் பொறித்த அனோடைஸ்டு அலுமினியத் தகட்டை ரிவெட் அடிப்பதே நல்லது. கைமாறக்கூடிய லேப்டாப்புக்கு, உரித்தால் தூளாகும் வகை அல்லது உரித்த தடத்தை விட்டுச்செல்லும் வகை வேண்டும். ஒட்டும் இடத்தில் துளி எண்ணெய் இருந்தாலும் பசை பிடிக்காது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காய்ந்தபின் ஒட்ட வேண்டும். கியூஆர் குறியீட்டைப் பிழைதிருத்தத்தின் உச்ச நிலையில் அச்சிட்டால், சுமார் 30 சதவீதம் அழிந்தாலும் ஸ்கேன் ஆகும். அதற்குள் கடவுச்சொல்லையோ ஊழியரின் பெயரையோ வைக்காதீர்கள். அதை யார் வேண்டுமானாலும் போனில் படித்துவிடலாம்.

திருடுபவன் லேபிளை உரித்துவிட மாட்டானா என்று கேட்பார்கள். உரிப்பான்தான். அதனால்தான் சொத்து எண்ணுக்குப் பக்கத்திலேயே தயாரிப்பாளரின் சீரியல் எண்ணையும் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். காவல் நிலையப் புகாருக்கும் இன்சூரன்ஸ் கோரிக்கைக்கும் அந்த எண் பெரிய பலம். எக்செல் பட்டியல் போதாதா என்பது இன்னொரு கேள்வி. பட்டியலில் உள்ள வரியையும் தரையில் நிற்கும் மெஷினையும் இணைக்க ஏதாவது வேண்டுமே! தணிக்கையாளர் அறிக்கை ஆணை, 2020-க்கு உட்பட்ட கம்பெனிகளில், இயந்திரங்களின் எண்ணிக்கையும் இருக்குமிடமும் பதிவில் உள்ளனவா, நிர்வாகம் நேரில் சரிபார்த்ததா என்று ஆடிட்டர் எழுதியாக வேண்டும். சிறு கம்பெனிகளுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் மெஷின் காணாமல் போனால் அடி பலமாக விழுவது அவர்களுக்குத்தான்.

நிர்வாகத்தினர் ஆண்டுக்கு ஒருமுறையாவது ரிஜிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மெஷினையும் பார்த்து வாருங்கள். பொறுப்பேற்கும் ஊழியர்கள் எண் எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.