கடலில் விழுந்த கேமரா

கை நழுவிக் கடல்நீரில் விழுந்த கேமராவை எடுத்ததும் பலரும் செய்வது, வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்ப்பது. அதைவிடக் கெடுதல் வேறில்லை.

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்த கடல்நீரோ அதைவிடப் பல லட்சம் மடங்கு கடத்தும். நீரை மின்பகுப்பு செய்ய 1.23 வோல்ட்டுக்குச் சற்று மேலிருந்தால் போதும். பெரிய கேமராக்களின் பேட்டரியில் 7 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. நனைந்த சர்க்யூட் போர்டில் நேர்மின் தடத்திலுள்ள செம்பு அயனியாகக் கரைந்து, நீர்ப்படலம் வழியே எதிர்மின் தடத்துக்குப் போய் மறுபடி உலோகமாகப் படிகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் பெரணி இலைபோலக் கிளை பிரிந்து வளர்கிறது அது. கிளை நுனி எதிரேயுள்ள தடத்தைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட். இதற்குச் சில நிமிடங்களே போதும். அதனால்தான் பேட்டரியை உடனே உருவிவிட வேண்டும்.

அடுத்த எதிரி உப்பு. நீர் காய்ந்தாலும் அது உள்ளேயே தங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பே நீர்விட்டுக் கரையும். கடலுப்பிலுள்ள மெக்னீசியம் குளோரைடு அதற்கு முன்பே கசியும். உலர்ந்துவிட்டது என்று நம்பிய கேமரா சில வாரம் கழித்துச் சாவது இப்படித்தான். எனவே பேட்டரியைக் கழற்றியபின் நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, தாமதிக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே சரி. அரிசியில் புதைக்கும் வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. அரிசி உப்பை எடுக்காது, மாவுத்தூள்தான் உள்ளே போகும். வீட்டில் திறந்து பார்க்கவும் வேண்டாம். ஃபிளாஷ் உள்ள கேமராவின் மின்தேக்கி சுமார் 300 வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கக்கூடும்.

லென்ஸின் ஜூம் வளையத்தைத் திருகக் கூடாது. உள்ளேயுள்ள கண்ணாடிகள் நகரும்போது காற்றோடு நீரும் உள்ளிழுக்கப்படும். ஈரம் தங்கினால் பூஞ்சை படரும். அது சுரக்கும் அமிலம், தலைமுடியின் தடிமனில் பல நூறில் ஒரு பங்கேயான மேற்பூச்சை அரித்துவிடும்.

இத்தனைக்கும் நடுவே படங்கள் பெரும்பாலும் பிழைத்துவிடுகின்றன. மெமரி கார்டின் சிப், பிசினில் வார்த்து மூடப்பட்டது. அதனுள் ஒவ்வொரு படமும், சில நானோமீட்டர் தடிமனுள்ள காப்புப் படலத்துக்குப் பின்னால் சிறைப்பட்ட எலக்ட்ரான்களாக இருக்கிறது. அவற்றைக் காக்க மின்சாரமே தேவையில்லை. நனைவது வெளியிலுள்ள உலோகப் பட்டைகள் மட்டுமே. கார்டை நல்ல தண்ணீரில் கழுவி, ஓரிரு நாள் நிழலில் காயவைத்துவிட்டு ரீடரில் போட்டுப் பாருங்கள்.