வெந்நீர் ஹீட்டர் ஒழுகினால்

நமது சுற்றுப்பயணத்தின்போது ஒரு வீட்டில், ஒழுகிய மின்சார வெந்நீர் ஹீட்டரின் பாதுகாப்பு வால்வில் குச்சியைச் செருகி வைத்திருக்கக் கண்டோம். ஒழுகல் நின்றது உண்மையே. ஆனால் ஆபத்து அப்பொழுதுதான் ஆரம்பமாயிற்று.

25 லிட்டர் நீர் 25 டிகிரியிலிருந்து 75 டிகிரி வரை சூடேறினால் அரை லிட்டருக்கு மேல் விரிகிறது. அதற்கு வழிவிடுவதே அந்த வால்வு. அடைத்தால் கலம் வெடிக்கக்கூடும். சூடேறும்பொழுது மட்டும் சில சொட்டுகள் விழுவது இயல்பு. இடைவிடாது ஒழுகினால் வால்வைச் சோதித்து மாற்ற வேண்டும்.

ஹீட்டர் எங்கு ஒழுகினாலும், முதலில் உலர்ந்த கையால் மெயின் சுவிட்சை அணைத்தல் அவசியம். பிறகு நீர் வரும் குழாயை மூடி, சூடு ஆறிய பின்னரே ஒழுகும் இடத்தைத் தேடுதல் வேண்டும். குழாய் இணைப்பில் கசிந்தால் வாஷரை மாற்றுவது பெரும்பாலும் போதும். உட்கலமே துருப்பிடித்து ஓட்டையானால் புதியது வாங்குவதே சிக்கனம்.

பல ஹீட்டர்களில் உள்ள மக்னீசியத் தண்டு, தான் அரிந்து கலத்தைத் துருவினின்றும் காக்கிறது. ஆண்டுக்கொருமுறை அதைச் சோதித்து, தேய்ந்திருந்தால் மாற்றுதல் நலம். எர்த் இணைப்பையும் அப்பொழுதே பார்த்துவிடலாம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இவற்றை ஊராருக்கு எடுத்துரைக்குமாறு வேண்டுகிறோம்.